பதினேழாம் பலகை

"பயந்தவன் கையிலதான் கொடியக் குடுக்கோணும், இல்லாட்டி..." என்று பெரியப்பா ஏதோ சொன்னார். மீதி நாச்சிமுத்துவுக்கு ஞாபகமில்லை.

பெரியப்பா ரயில்வே கேட்டில் முப்பத்துநாலு வருஷம் கொடி பிடித்தவர். ஓய்வு பெற்ற நாளில் மாலையும் கழுத்துமாக மைக் முன்னால் நின்று பேசினார். அந்த வாக்கியத்தின் பாதியில் கூட்ஸ் வண்டி ஒன்று வந்தது. அது கடந்து முடிந்தபோது அவர் எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அன்று நாச்சிமுத்துவுக்குப் பதினாலு வயது. லட்டு எப்போது கொடுப்பார்கள் என்பதே அவன் கவலை.

இப்போது நாற்பத்தெட்டு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அக்ரிலிக் தகட்டின் மேல் குனிந்திருந்தபோது அந்த அரை வாக்கியம் திரும்ப வந்தது. கையிலிருந்த தூரிகை நின்றது.

இரண்டு நாளாகவே கை நின்று நின்றுதான் ஓடியது.

கோவைக்குத் தெற்கே ஒரு தொழிற்பேட்டையில் அந்தப் பட்டறை இருந்தது. ஆலைகளுக்கு அறிவிப்புப் பலகை செய்வது வேலை. அபாயம். உள்ளே வராதே. கையை உள்ளே விடாதே. வெளியேறும் வழி. சார்ஜாவில் இருபத்தொரு வருஷம் இதே தொழிலைச் செய்துவிட்டுத் திரும்பியவன் நாச்சிமுத்து. அங்கே ஐந்து எந்திரங்கள் அவன் சொன்னபடி கேட்டன. இங்கே வந்து சேர்ந்தபோது அவனுக்குத் தெரியாத வேலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்குப் பின்வேலை என்று பெயர்.

கண்ணாடி மாதிரி இருக்கும் தகட்டின் முதுகில் வண்ணம் பூசி, முகத்தில் தெரியவைப்பது பின்வேலை. பஞ்சாலையில் தூசி படியும். தினமும் ஈரத்துணியால் துடைப்பார்கள். முகத்தில் ஒட்டியது ஆறு மாதத்தில் உரிந்துவிடும். முதுகில் பூசியது அப்படியே நிற்கும். ஆனால் முதுகிலிருந்து பூசுகிறவனுக்கு எல்லாமே திருப்பிப் போட்டது. வலம் காட்ட வேண்டுமென்றால் இடம் பூச வேண்டும்.

அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் மயிலாத்தாள். அவனைவிட இரண்டு வயது சின்னவள். பட்டறையே அவளை அக்கா என்று கூப்பிட்டதால் அவனும் அக்கா என்றான். அவள் அவனை அண்ணா என்றாள். அதில் யாருக்கும் குழப்பம் வரவில்லை.

முதல் நாளே அவள் ஒரு வழக்கத்தைச் சொல்லியிருந்தாள். பூசுவதற்கு முன்னால், பட்டியலைப் பார்த்து, தகட்டின் முகத்து மூலையில் மெழுகுப் பென்சிலால் 'இடம்' அல்லது 'வலம்' என்று எழுத வேண்டும். பூசி முடித்துத் திருப்பினால் எழுத்து நேராக நிற்கும். அம்பு அந்த எழுத்தோடு ஒத்துப் போக வேண்டும். ஒத்துப் போனால் கடைசியாகப் பார்க்கிறவர் எழுத்தைத் துடைத்துவிட்டு, முதுகில் தன் பெயரின் முதலெழுத்தை இடுவார். அதற்குக் கடைசிக் கை என்று பெயர். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பட்டறையின் கடைசிக் கை மயிலாத்தாள். எல்லாப் பலகையின் முதுகிலும் ஒரு 'ம' இருந்தது.

அவளுக்குச் சர்க்கரை நோய். இந்த வருஷம் கண்ணில் படலம் இறங்கியது. சென்ற வாரம் மூன்று நாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அந்த மூன்று நாளில்தான் ஒரு நூற்பாலையின் இரண்டாம் மாடிக்கு நாற்பது பலகைகள் அவசரமாகப் போக வேண்டியிருந்தது. பச்சைப் பின்னணியில் ஓடும் ஆளும் ஒரு அம்பும். எழுத்து கிடையாது. வடக்கேயிருந்து வந்த பெண்கள் நிறையப் பேர் அங்கே வேலை செய்தார்கள். படம் போதும் என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள்.

பாதிக்கு மேல் பூசியாகியிருந்தபோது முதலாளி வந்து அவன் தோளைத் தட்டினார்.

"அக்காவுக்குக் கண்ணு இனி சிரமமுங்க. ஒண்ணாந்தேதியிலிருந்து கடைசிக் கை நீங்கதான். இந்த நாப்பதுலயே ஆரம்பிச்சிருங்க."

அந்த நாற்பதையும் அவனே பூசினான். அவனே பார்த்தான். நாற்பதின் முதுகிலும் 'நா' என்று எழுதினான். மூலையில் இடம் வலம் எழுதவில்லை. இருபத்தொரு வருஷம் தொழில் பார்த்தவன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதி எழுதித் துடைப்பதா என்று தோன்றியது.

பலகைகள் போய்விட்டன. மாட்டியும் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றில் ரசம் ஊற்றும்போதுதான் பதினேழு ஞாபகம் வந்தது.

பதினேழில் ஒரு குமிழ் விழுந்திருந்தது. பூச்சை வழித்துவிட்டு மறுபடி பூசினான். வழிக்கும்போது தகட்டைத் திருப்பினானா? திருப்பியதைத் திரும்பத் திருப்பினானா? கை செய்தது, மனசு பார்க்கவில்லை. ரசம் இலையைத் தாண்டி ஓடியது. அவன் மனைவி துணி எடுத்து வந்தாள்.

பதினேழு மாட்டப்பட்ட இடம் அவனுக்குத் தெரியும். அளவெடுக்க அவன்தான் போயிருந்தான். தண்ணீர்த் தொட்டி அருகே ஒரு திருப்பம். இடது பக்கம் படிக்கட்டு. வலது பக்கம் ஜன்னலில்லாத ஒரு நீளச் சந்து, முடிவில் சுவர்.

அதற்குப் பிறகு அந்தச் சந்து அவனோடேயே வந்தது. திங்கட்கிழமை காலை ஆலையின் பேருந்து சிக்னலில் அவன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றது. ஜன்னலோரம் ஒரு பெண் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைப் புகைக்குள் பார்த்தான். கையை முன்னால் நீட்டிக்கொண்டு பச்சை வெளிச்சத்தைத் தேடினாள். அம்பு காட்டிய பக்கம் திரும்பினாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். சிக்னல் எப்போதோ மாறியிருந்தது.

மத்தியானம் எங்கோ சைரன் கேட்டது. நாச்சிமுத்து வாசலுக்கு ஓடினான். ஆம்புலன்ஸ்தான், வேறு பக்கம் போனது.

"சார்ஜா மாமாவுக்கு என்ன, ஆம்புலன்ஸ்ல சொந்தக்காரங்க யாராச்சுமா?" என்றாள் பிலோமினா. ஸ்டிக்கர் உரிக்கிறவள். அவள் வாய்க்கு யாரும் தப்பியதில்லை.

"சும்மா பாத்தேன்."

"பாருங்க, பாருங்க. அங்க பூச்சு காஞ்சு ஆடையாப் போச்சு."

செவ்வாய்க்கிழமை, தூரிகை நின்றபோது, மயிலாத்தாள் எதிரே உட்கார்ந்து ஒரு பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணைப் பலகைக்குச் சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்ண்ணா."

"பயம் எப்படிப் போகும்?"

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

"எந்தப் பலகைங்ண்ணா?"

அவன் தூரிகையைக் கீழே வைத்தான். பிலோமினா கேட்கிறாளா என்று பார்த்தான்.

"பலகைன்னு நான் சொல்லலீங்களே."

"ரெண்டு நாளா எந்தத் தகட்ட எடுத்தாலும் நாலு வாட்டி திருப்பறீங்க. பூனை எலியப் பொரட்டற மாதிரி. சொல்லுங்க."

"பதினேழு."

"எழுதலியா?"

"எழுதலீங்க."

அவள் திட்டவில்லை. கழிவுப் பெட்டியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகட்டுத் துண்டை எடுத்தாள். காதில் செருகியிருந்த மெழுகுப் பென்சிலால் அதில் ஒரு அம்பு வரைந்தாள். இருவருக்கும் நடுவில் தூக்கிப் பிடித்தாள்.

"எந்தப் பக்கம் போகுதுங்ண்ணா?"

"வலது."

"எனக்கு இடது. இதுல எது தப்பு?"

"ரெண்டும் பாக்கச் சரியாத்தான் இருக்குது."

அவள் அதே துண்டில் அம்புக்குக் கீழே அவன் பெயரை எழுதினாள். அவன் பக்கத்திலிருந்து அது இடவலம் மாறி, யாரோ ஒருவனின் பெயராகத் தெரிந்தது.

"இது?"

"தப்புன்னு உடனே தெரியுது."

"ம்" என்றாள். துண்டை அவன் கையில் கொடுத்தாள். "சாப்பிட்டுப் போட்டு ஆலைக்குப் போலாமுங்க."

"பயத்தப் பத்திக் கேட்டேன்."

"அதையுங் கூட்டிட்டு வாங்க."

மத்தியானச் சாப்பாடு அவனுக்கு இறங்கவில்லை. அவள் டப்பாவைக் கழுவி, பையில் வைத்து, அவன் மொபெட்டின் பின்னால் ஏறினாள். வழியெல்லாம் அவன் கணக்குப் போட்டுக்கொண்டு போனான். பலகை தப்பாக இருந்தால் ஆலையில் தெரியும். ஆலையில் தெரிந்தால் முதலாளிக்குத் தெரியும். ஒண்ணாந்தேதிக்கு ஒன்பது நாள். ஊருக்கு வந்து பதினாலு மாதம் கழித்து, இப்போதுதான் ஒரு இடத்தில் அவன் பெயருக்கு ஒரு எழுத்தளவு இடம் கிடைத்திருக்கிறது.

தப்பாக இருந்து, யாருக்கும் தெரியாமலேயே இருந்தால்?

அந்த நினைப்பு வந்ததும் வண்டி ஆடியது.

"மெதுவாப் போங்ண்ணா" என்றாள் பின்னாலிருந்து. "சாகறதுக்கா போறோம்?"

ஆலையில் பராமரிப்பு மேற்பார்வையாளர் தங்கவேலு அவர்களை மாடிக்குக் கூட்டிப் போனார். பலகை நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வந்ததாக மயிலாத்தாள் சொன்னாள். அவர் அதை நல்ல கம்பெனிப் பழக்கம் என்று பாராட்டினார்.

இரண்டாம் மாடியில் நூல் கதிர்கள் சுழலும் சத்தம் காதை மெத்தை போல அமுக்கியது. காற்றில் பஞ்சு மிதந்தது. மூக்கைத் துணியால் கட்டிய பெண்கள் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார்கள்.

மயிலாத்தாள் கடைசி எந்திரத்தின் அருகே போய் நின்றாள்.

"அண்ணா, எனக்கு இப்ப ஆளு மூஞ்சி தெரியாது. கதவு எங்க, ஜன்னல் எங்கன்னு தெரியாது. புகைக்குள்ள நிக்கற மாதிரிதான். பச்சை தெரியும். அம்பு தெரியும். நான் வெளிய போறேன். நீங்க கூட வாங்க. கையப் புடிக்காதீங்க. வாயத் தொறக்காதீங்க."

நடந்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு பலகையின் கீழும் நின்று நிமிர்ந்து பார்த்தாள். அம்பு காட்டிய பக்கம் திரும்பினாள். அவன் நான்கடி பின்னால் போனான். அவள் முந்தானை நுனி ஒரு எந்திரத்தின் ஓரத்தை உரசிப் போனது. அவன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

பதினாறு. தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அவன் பலகையைப் பார்க்கவில்லை. அவள் காலைத்தான் பார்த்தான். ரப்பர் செருப்பு, குதிகாலில் தேய்ந்தது. அது எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்தான். உள்ளங்கை வேர்த்து, மொபெட்டின் சாவி வழுக்கியது.

செருப்பு நின்றது. இடது பக்கம் திரும்பியது.

பதினேழு சரியாக இருந்தது.

அவன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டான். எந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டான். மூன்று நாள் கழித்து மூச்சு அடிவயிறுவரை போனது.

"அக்கா, சரியா இருக்குது. போலாமுங்க."

"நான் இன்னும் வெளிய போகலீங்களே."

"பதினேழுதான் எனக்கு..."

"இந்தப் படி கீழ போகுது. இதே மாடியில இன்னொரு பக்கம் பாக்கி இருக்குது. அங்கயும் பொண்ணுங்க நிக்கறாங்க."

அவள் நூல் சுற்றும் பகுதிக்குப் போய், அங்கிருந்து மறுபடி தொடங்கினாள். இப்போது அவன் கூடவே நடந்தான். தங்கவேலுவிடம் பலகையின் பூச்சு பத்து வருஷம் தாங்கும் என்று சொன்னான். சார்ஜா வெயிலில் தாங்கிய கதையைச் சொன்னான். தங்கவேலு ஆச்சரியப்பட்டார். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது.

முப்பத்தொன்றாம் பலகையைப் பூசிய மத்தியானம் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. முதலாளி தோளைத் தட்டிவிட்டுப் போன பத்தாவது நிமிஷம். தேநீர் வந்தது. ஏதோ பழைய மெட்டை முணுமுணுத்துக்கொண்டே பூசினான். குமிழ் இல்லை, பிசிறு இல்லை. நாற்பதிலும் அழகான பலகை அதுதான் என்று அவனே நினைத்தான்.

மயிலாத்தாள் அதன் கீழே நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். வலது பக்கம் திரும்பி நடந்தாள்.

நாச்சிமுத்து பேச்சை நிறுத்தினான்.

இடது பக்கம் பத்தடியில் கதவு திறந்திருந்தது. வெயில் தெரிந்தது. இரும்புப் படி தெரிந்தது. அவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். அவசரமில்லாமல், நம்பிக்கையோடு போனாள். வழி குறுகியது. இருபுறமும் பஞ்சுப் பொதிகள் அவள் தலைக்கு மேலே எழுந்தன. வெளிச்சம் குறைந்தது. அவன் கூப்பிட நினைத்தான்.

நூல் சுற்றும் எந்திரத்தருகே இருந்த ஒரு பெண் அவளைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"ஏனுங்க்கா, அது பஞ்சு குடோனு. பூட்டித்தான் இருக்கும். எங்க போறீங்க?"

"வெளிய போறேன் கண்ணு."

"வெளிய போறது இந்தப் பக்கமுங்க்கா."

"பலகை அப்பிடிச் சொல்லலியே."

பெண் நிமிர்ந்து பார்த்தாள். முதல் தடவையாகப் பார்க்கிறாள் என்பது அவள் கழுத்து எழும்பிய விதத்திலேயே தெரிந்தது.

"அட, ஆமா." சிரித்தாள். "அதை ஆருங்க பாக்கறா. நாங்க கண்ணை மூடிட்டே போவோம்."

"புதுசா வந்த பிள்ளைக?"

"அவளுக எங்க பின்னாலயே வந்துருவாளுக."

"புகையில நீ கண்ணுக்குத் தெரியாட்டி?"

பெண்ணின் சிரிப்பு பாதியில் நின்றது. மூக்கிலிருந்து இறங்கியிருந்த துணியை மெல்ல மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டாள். எந்திரத்துக்குத் திரும்பினாள்.

மயிலாத்தாள் இன்னும் நாலடி நடந்தாள். கையை நீட்டினாள். இரும்புக் கதவு தட்டுப்பட்டது. பூட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு அந்தக் கதவின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, அங்கேயே நின்றாள்.

நாச்சிமுத்து அவளுக்குப் பின்னால் போய் நின்றான். பொதிகளுக்கு நடுவே காற்றில்லை. பஞ்சின் காய்ந்த வாசனை நெஞ்சை அடைத்தது. திரும்பிப் பார்த்தால் தூரத்தில் அவன் செய்த பச்சை, அழகாக, இந்தக் கதவைக் காட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா."

அவள் திரும்பவில்லை.

"பதினேழுக்குத்தானுங்க பயந்தேன். மூணு நாளாச் சோறு எறங்கலீங்க. இதுக்கு நான் பயப்படவே இல்லீங்களே."

"அதனாலதானுங்ண்ணா இங்க வந்து நிக்கறோம்" என்றாள்.

தங்கவேலு கொஞ்ச நேரம் கழித்துதான் புரிந்துகொண்டார். பலகையையும் குடோன் கதவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இத மாட்டினதும் நான்தானுங்க. பாத்துச் சரின்னு கையெழுத்துப் போட்டதும் நான்தான். பெரிசு பண்ண வேண்டாம். ஒண்ணே ஒண்ணுதானே. நாளைக்கு ஒண்ணு பூசிக் கொண்டாங்க, நானே மாட்டிக்கறேன். உங்க முதலாளிகிட்ட வாயே தொறக்க மாட்டேன்." நாச்சிமுத்துவின் முழங்கையைத் தொட்டார். "ஒண்ணாந்தேதியிலிருந்து கடைசிக் கை நீங்கதானாமே. இப்பத்தான் கீழ அக்கா சொன்னாங்க. எதுக்குங்க வீணா."

நாச்சிமுத்து மயிலாத்தாளைப் பார்த்தான். அவள் இருந்த பக்கம் பொதியின் நிழல். அவள் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. காதிலிருந்து மெழுகுப் பென்சிலை எடுத்து, கதவின் அழுக்கு ஒட்டிய உள்ளங்கையில் வைத்திருந்தாள். நீட்டவுமில்லை, மூடவுமில்லை.

சட்டைப் பையில் அவள் கொடுத்த தகட்டுத் துண்டு இருந்தது. அவன் விரல் அதில் பட்டது. விரல் நடுங்கியது. அந்த நடுக்கம் நிற்கட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். நிற்கவில்லை.

அவன் அவள் கையிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு போய், முப்பத்தொன்றின் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்துச் சுவரில் இடப்பக்கம் பார்த்த அம்பு ஒன்றை வரைந்துவிட்டு, முதலாளிக்குப் போன் செய்து, எதிலும் இடம் வலம் எழுதிப் பார்க்கவில்லை, நாற்பதும் திரும்பி வருகின்றன என்று சொன்னான்.